ஒரு வார்த்தை, மூன்று நாள்

மூன்று நாளா ஒரே ஒரு ரஷ்யச் சொல்லோட மல்லுக்கட்டு. 'வென்டர்'. ரஷ்யாவுக்காகப் போரிட்ட கொசாக் என்ற சமூகத்தாரின் குதிரைப்படைத் தந்திரம். ஆங்கில மொழிபெயர்ப்பில் என்ன எழுதுவது?

ஒரு சிறு கூட்டம் எதிரியைச் சீண்டும், பயந்தது போல ஓடும். துரத்தி வருபவர்களின் இரு பக்கமும் ஒளிந்திருப்பவர்கள் பாய்வார்கள். 1812 ஜூலையில் மீர் ஊரருகே (இன்று பெலாரூஸ்) தளபதி பிளாத்தவின் கொசாக்குகள், நெப்போலியன் படையில் இருந்த போலந்து ஈட்டிக் குதிரை வீரர்களை இப்படித்தான் சிக்க வைத்தார்கள்.

'பொய்யாகப் பின்வாங்குதல்' என்று போட்டால் அர்த்தம் வரும், உயிர் போய்விடும். ஏனென்றால் வென்டர் என்பது மீன் பிடிக்கும் பொறி. வாய் அகலம், உள்ளே குறுகும், போன மீன் திரும்பாது. ரஷ்யாவின் டான் நதிக்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் போருக்கு வைத்த பெயர் அது! அப்படியே 'வென்டர்' என்று விடலாமென்றால், அதே எழுத்துக்களில் ஆங்கில உடற்கூறியலில் வயிறு என்று பொருள். போச்சு.

இதன் கூட்டாளி 'லாவா' இன்னும் மோசம். கலைந்து பரந்து வந்து பக்கவாட்டில் வளைக்கும் அணி. ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் எரிமலைக் குழம்பு குதிரையேறி வரும்.

தமிழிலென்றால் கவலையே இல்லை. பரி குதிரை, பறி மீன்பொறி. 'பரிகளின் பறி'! ஆனால் காசு ஆங்கிலத்துக்குத்தானே தருகிறார்கள்.

கடைசியில் 'மீன்பொறித் தந்திரம்' என்பதையே ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்திலேயே அரை வரி விளக்கமும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அதை எடிட்டர் வெட்டாமல் இருக்கணும்.