ஊதாப் பட்டையும் டைட்டானிக்கின் எஞ்சின் அறையும்

கப்பல் எஞ்சினியர்களின் தோள்பட்டையில் தங்கக் கோடுகளுக்கு நடுவே ஊதா நிறத் துணி இருக்கும். ஏன் ஊதா என்று கடல்சார் கல்லூரி மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: டைட்டானிக் மூழ்கியபோது அதன் எஞ்சினியர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, அவர்களைப் போற்றும் விதமாக மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அந்த நிறத்தை எங்கள் பிரிவுக்கு வழங்கினார். சென்னையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அன்று அந்தப் பட்டையை அணிந்தபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

ஆனால் ஊதாவுக்கும் டைட்டானிக்குக்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் கடற்படை 1863-ஆம் ஆண்டிலேயே பிரிவுக்கு ஒரு நிறம் ஒதுக்கிவிட்டது. மருத்துவர்களுக்குச் சிவப்பு, கணக்குப் பிரிவுக்கு வெள்ளை, எஞ்சினியர்களுக்கு ஊதா. வணிகக் கப்பல்கள் அந்த வழக்கத்தைப் பின்னர் எடுத்துக்கொண்டன. டைட்டானிக் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 அதிகாலை. அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்பே நிறம் முடிவாகியிருந்தது.

கதையின் முற்பாதி மட்டும் முழு உண்மை. சீஃப் எஞ்சினியர் ஜோசப் பெல் முதல் மின்பணியாளர்கள், பாய்லர் பழுதுபார்ப்பவர்கள் வரை அந்தப் பிரிவின் 35 பேரும் இறந்தார்கள். மன்னர் நிறம் கொடுத்தார் என்பதைச் சொல்லத் தெரிந்த நமக்கு அந்த 35 பேர் அன்றிரவு என்ன வேலை செய்தார்கள் என்பது தெரியாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

டைட்டானிக்கைப் பற்றிய மற்றக் கட்டுக்கதைகளிலும் இதே குறைதான். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பயிற்சி எஞ்சினியர் இரவுப் பணியில் கேட்டார், "சார், அந்தக் கப்பலில் எகிப்திய மம்மி ஒன்றை ஏற்றியிருந்தார்களாமே, அதன் சாபம்தானா?" மம்மி ஏறவில்லை. கதையில் வரும் பொருள் மம்மியே இல்லை, மம்மியின் மேல் வைக்கும் வண்ணம் தீட்டிய மரப்பலகை. அது இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலின் எண் 390904 என்றும், கண்ணாடியில் பார்த்தால் அது போப்புக்கு எதிரான வாசகமாகத் தெரியும் என்றும், அதனால்தான் கப்பலுக்குக் கேடு வந்தது என்றும் இன்னொரு கதை. பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் அதற்கு இட்ட எண் 401. ஆணி அறைந்த தொழிலாளி ஒருவரை உள்ளே வைத்தே மூடிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். இதே கதையை அதற்கு முன் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலுக்கும் சொல்லியிருக்கிறார்கள். சாபத்தைக் காரணமாக்கிவிட்டால் பம்ப், வால்வு, பல்க்ஹெட் என்னும் தடுப்புச்சுவர் பற்றியெல்லாம் யாரும் பேச வேண்டியதில்லை.

கப்பல் மூழ்கியபின் நடந்த விசாரணையில் ஃபிரெடெரிக் பாரட் சொன்ன சாட்சியத்தைப் படிக்கும்படி அந்தப் பயிற்சி எஞ்சினியரிடம் சொன்னேன். பாரட், கரி தள்ளும் தொழிலாளர்களுக்குத் தலைவர். மோதல் நடந்த இரவு 11.40-க்கு ஆறாம் எண் பாய்லர் அறையில் நின்றுகொண்டிருந்தார். நிறுத்து என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நெருப்புக்குக் காற்று போகும் கதவுகளை மூடச் சொல்லிக் கத்தினார். மூடி முடிப்பதற்குள் வலப்பக்கத் தகட்டின் வழியாக, தரைக்கு இரண்டு அடி உயரத்தில், தண்ணீர் பாய்ந்தது. நீர்புகாக் கதவு இறங்குவதற்குள் அவரும் இரண்டாம் எஞ்சினியர் ஹெஸ்கெத்தும் ஐந்தாம் அறைக்குத் தாவினார்கள்.

அடுத்து ஐந்தாம் அறையில் நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். பாய்லர்களின் நெருப்பை வெளியே இழுத்து அணைக்கத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். கொதிக்கும் பாய்லர்மேல் குளிர்ந்த கடல்நீர் பட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எரியும் கரியில் தண்ணீர் ஊற்ற, அறை முழுவதும் நீராவி. பம்ப் வால்வுகளை எட்டுவதற்காக எஞ்சினியர் ஹார்வி தரையில் ஒரு மூடியைத் திறக்கச் செய்திருந்தார். நீராவியில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. விரைந்து வந்த எஞ்சினியர் ஷெப்பர்ட் அந்தக் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கிப் பம்ப் அறையில் கிடத்திவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். பின்னர் ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ந்து வந்தபோது பாரட் ஏணியில் ஏறித் தப்பினார். ஹார்வியும் ஷெப்பர்டும் பிழைக்கவில்லை.

திறந்த மூடி, தெரியாத தரை, அவசரத்தில் ஓடும் கால். எஞ்சின் அறையில் பணியாற்றிய யாருக்கும் இது பழங்கதையாகப் படாது. தரைத்தகடு ஒன்றைக் கழற்றினால் சுற்றிலும் கயிறு கட்டு என்று நாங்கள் புதியவர்களிடம் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எஞ்சினியர்கள் கடைசி நொடிவரை கீழேயே இருந்து மாண்டார்கள் என்ற கதையும் அப்படியே சரியில்லை. எஞ்சின் அறைத் தொழிலாளி ஃபிரெடெரிக் ஸ்காட், கடைசிக் கட்டத்தில் எஞ்சினியர்கள் சிலரைப் படகுத் தளத்தில் பார்த்ததாக விசாரணையில் சொன்னார். அவர்கள் மேலே வந்தபோது இறங்குவதற்குப் படகு ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. இதைச் சொன்னால் மூத்தவர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது, தியாகத்தைக் குறைக்கிறேன் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீராவியைக் காத்து, பம்புகளை ஓட்டி, மின்சாரம் தரும் டைனமோக்களை நிறுத்தாமல் வைத்திருந்ததால்தான் படகுகளை வெளிச்சத்தில் இறக்க முடிந்தது, கம்பியில்லாத் தந்தி உதவி கேட்டுக்கொண்டே இருந்தது. 2.20-க்குக் கப்பல் மறைந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புவரை விளக்கு எரிந்தது. அந்த வேலை முடிந்தபின் மேலே வந்து வானத்தைப் பார்த்தவர்களின் மதிப்பு எந்த வகையில் குறையும்?

கணக்கிட்டவர், நேரில் கண்டவர் ஆகியோரின் சொல் எப்படிப் புறந்தள்ளப்படும் என்பதற்கும் டைட்டானிக்கே சாட்சி. பனிப்பாறை 300 அடி நீளத்துக்குக் கப்பலைக் கிழித்தது என்பது பல தலைமுறை நம்பிய கதை. கப்பல் தளத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங் 1912-லேயே தண்ணீர் புகுந்த வேகத்தைக் கணக்கிட்டு, மொத்தத் திறப்பு ஏறத்தாழ 12 சதுர அடிதான் என்று விசாரணையில் சொன்னார். 1996-இல் ஒலியலைக் கருவியால் சேற்றுக்குள் ஆராய்ந்தபோது, வெவ்வேறு இடங்களில் ஆறு மெல்லிய திறப்புகள் தெரிந்தன. மொத்தம் கிட்டத்தட்ட அதே அளவு. முன்பகுதியின் முதல் நான்கு நீர்புகா அறைகளில் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும்படி கட்டிய கப்பல் அது. அந்தச் சிறிய திறப்புகள் அதற்கும் மேற்பட்ட அறைகளில் பரவியிருந்தன, அவ்வளவுதான்.

கப்பல் இரண்டாக உடைந்ததைப் பிழைத்தவர்கள் பலர் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். 17 வயது ஜாக் தாயர் சொன்னார், ஏழு வயதுச் சிறுமியாக இருந்த ஈவா ஹார்ட் வாழ்நாள் முழுவதும் சொன்னார். அமெரிக்க, பிரிட்டிஷ் விசாரணைகள் இரண்டும் முழுதாகவே மூழ்கியது என்று முடிவெழுதின. 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ழான்-லூயி மிஷேலும் தலைமையேற்ற குழு ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டபோது அது இரண்டு துண்டுகளாகத்தான் கிடந்தது. கப்பலில் ஏதாவது கோளாறு நடந்தால் நான் முதலில் எஞ்சின் அறைத் தொழிலாளியான மோட்டார்மேனிடம்தான் கேட்கிறேன். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைக்கிறேன். இந்த வகையில் அமெரிக்க செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1912 மே மாதம் டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக் நியூயார்க் வந்தபோது, அதில் வேலையில் இருந்த பாரட்டைத் தேடி அவரே பாய்லர் அறைக்குள் இறங்கிப் போய் விவரம் கேட்டார்.

அந்த இரவின் பாடம் இன்று எங்கள் கப்பலில் ஒரு சிறிய அறையாக இருக்கிறது. மேல்தளத்தில், எஞ்சின் அறைக்கு வெளியே, எமர்ஜென்சி ஜெனரேட்டர். மின்சாரம் போனால் 45 விநாடிக்குள் அது தானாக ஓடி விளக்கேற்ற வேண்டும். சரக்குக் கப்பலில் 18 மணி நேரம், பயணிகள் கப்பலில் 36 மணி நேரம் தாங்க வேண்டும். டைட்டானிக்கிலும் நீர்மட்டத்துக்கு மேலே 30 கிலோவாட் அவசர டைனமோக்கள் இரண்டு இருந்தன, ஆனால் அவற்றுக்கும் பாய்லரின் நீராவிதான் வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிக்கும் நாளில் முதலில் காற்றாடிகளின் இரைச்சல் தேய்ந்து அடங்கும். அதன்பின், எப்போதும் கேட்காத ஒலிகள் கேட்கும்: கப்பலின் அடிப்பள்ளமான பில்ஜில் சொட்டும் தண்ணீர், சூடு தணியும் குழாய்களின் முனகல், யாரோ ஒருவர் கைவிளக்கைத் தேடித் தடவும் சத்தம். கண்ட்ரோல் ரூமில் ஒருவர் விநாடிகளை உரக்க எண்ணுவார். இருபதைத் தாண்டினால் அவர் குரல் மாறும். மேலே எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஏணிப்படி விளக்குகள் வரிசையாக எரியும். இந்தச் சோதனையை வெறும் கையெழுத்துக்காக நடத்துபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேட்டால் கட்டுக்கதை போலவே இருக்கும், ஆனால் முழு உண்மையான ஒன்றும் உண்டு: ஊழியர்களின் சம்பளம் கப்பல் மூழ்கியதோடு நின்றுபோனது. அன்றைய சட்டப்படி கப்பல் போனால் வேலையும் போயிற்று. பிழைத்தவர்களுக்குக்கூட ஏப்ரல் 15 வரைதான் கணக்கு. வயலின் வாசித்து மாண்ட ஜாக் ஹியூமின் தந்தைக்கு, மகனின் சீருடைக்கான பாக்கியைக் கட்டச் சொல்லி அவரை வேலைக்கு அமர்த்திய ஏஜென்சியிடமிருந்து பில் வந்தது. 1920-இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஒரு விதி செய்தது. கப்பல் மூழ்கினால் வேலையிழந்த காலத்துக்கு, இரண்டு மாதச் சம்பளம்வரை, கடலோடிக்கு இழப்பீடு தர வேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலும் இந்த உரிமை தொடர்கிறது. புதிதாகச் சேரும் பையன்களிடம் அந்தப் பிரிவு அவர்களுடைய ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறேன். பாதிப் பேர் அதுவரை அந்தத் தாளைப் புரட்டியிருக்கவே மாட்டார்கள்.