குறையாது என்றேன்

"இந்த வரியை எடுத்துவிட்டால் மதிப்பெண் குறையுமா?" என்று என் மாணவி கேட்டாள். "குறையாது" என்றேன். நடந்தது அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது.

இத்தாலியன் இரண்டாம் பருவம், சிறுவயது நினைவு பற்றிய கட்டுரை. இந்தத் தலைப்பை ஏன் கொடுக்கிறோம் என்பது இந்த மொழியைக் கற்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். இத்தாலியனில் இறந்தகாலம் இரண்டு விதம்: வழக்கமாக நடந்ததற்கு இம்பெர்ஃபெத்தோ, ஒருமுறை நடந்து முடிந்ததற்கு பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ. தமிழில் 'பாட்டி ஞாயிறுதோறும் சமைப்பாள்' என்று எதிர்கால வடிவத்தை வைத்தே பழைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே இறந்தகாலம் இரண்டுக்கும் போதும் என்பதால் அமெரிக்கப் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

அவளும் தடுமாறியிருந்தாள். ஆனால் அந்த முதல் வரைவில் அவளுடைய நோன்னா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தார். கதவைத் திறந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் "டியெனெ ஃபம்மெ?" என்று கேட்பாராம், பசிக்கிறதா என்று. இரண்டே சொல். நான் மூன்று வட்டம் போட்டேன். 'அவேரே' வரவேண்டிய இடத்தில் 'தெனேரே' வினை, ஒன்று. முன்னிலைக்குப் பதில் படர்க்கை, இரண்டு. ஒரே 'ம்' வரவேண்டிய சொல்லில் இரட்டை, மூன்று. ஓரத்தில் 'ஸ்பானிஷா?' என்று வேறு எழுதினேன். பள்ளியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வருகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

அது ஸ்பானிஷ் இல்லை, நாப்போலித்தானோ, நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சு. நோன்னாவின் பெற்றோர் நேப்பிள்ஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறியவர்கள். அந்தப் பேச்சில் 'உனக்குப் பசியா' என்பதை அப்படித்தான் கேட்பார்கள். மூன்றில் ஒன்றுகூடப் பிழையில்லை.

இது எனக்குத் தெரியாததல்ல, அதுதான் வருத்தம். 1861-ல் இத்தாலி ஒரே நாடானபோது அங்கே 100 பேரில் இரண்டரைப் பேருக்குத்தான் இத்தாலியன் தெரியும் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு. 1880-க்கும் 1920-க்கும் இடையில் அமெரிக்கா வந்த நாற்பது லட்சம் பேரில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். ஊர்ப் பேச்சோடு வந்தவர்கள். முதல் வாரமே இதையெல்லாம் வகுப்பில் சொல்கிறேன். ஆறாவது வாரம் சிவப்புப் பேனாவை எடுக்கும்போது அது கைக்கு வரவில்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே மதிப்பீட்டுத் தாள்: இலக்கணம் 40, மற்ற மூன்றுக்கும் தலா 20. அடுத்த பருவத்தில் வேறு ஆசிரியர் இதே வரிக்கு வட்டம் போடுவார். அவள் கற்க வந்தது பாட நூல் இத்தாலியன்தான், வீட்டுப் பேச்சு ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. ஆனாலும் 'மேற்கோள் குறிக்குள் போடு, கீழே ஒரு வரி விளக்கம் எழுது, அப்படியே இருக்கட்டும்' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவுக்கு வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் கேட்டது மதிப்பெண் பற்றி, நானும் மதிப்பெண் பற்றியே பதில் சொன்னேன்.

இரண்டாம் வரைவில் அந்த வரி இல்லை. 'நோன்னா அன்பானவர். ஞாயிறுதோறும் பாஸ்தா சமைப்பார்.' எல்லா வினையும் சரி. 78 ஆக இருந்தது 91 ஆனது. கூட்டிப் போட்டவள் நான்தான். தாளின்படி அது சரியான கூட்டல்.

அப்புறம் வாய்மொழித் தேர்வு. அந்தக் கட்டுரையிலிருந்தே கேட்டேன்: உள்ளே வந்ததும் நோன்னா என்ன கேட்பார்? ஒருவேளை அந்தச் சொல் திரும்பி வரட்டும் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது. அவள் தயங்கவே இல்லை.

"ஆய் ஃபாமெ?" என்றாள், அதே கேள்வியைப் பாட நூல் இத்தாலியனில். சுத்தமான உச்சரிப்பு. முழு மதிப்பெண் போட்டேன். நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள், உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். அது என் மனதைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.