தொப்பூர் இறக்கமும் ஒரு சின்னக் கம்பியும்

எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் ஒன்றின் தண்டைக் கழற்றி பெஞ்சில் வைத்திருந்தார் தர்மபுரி மெக்கானிக் அண்ணன். உள்ளே விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பி. டார்ஷன் பார்.

நாம் திருப்பும்போது அது துளியூண்டு முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாது. சென்சார் அந்த முறுக்கை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது வண்டியின் வேகத்தையும் பார்த்து, திருப்ப நமக்குக் கைகொடுக்கும் மின் மோட்டாரை முடுக்கிவிடும். பார்க்கிங்கில் நிறைய உதவி, ஹைவேயில் கொஞ்சம். வேகத்தில் ஸ்டீயரிங் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது அதனால்தான்.

பழைய பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஹைட்ராலிக் பம்ப், எஞ்சின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த மோட்டார் திருப்பும்போதுதான் வேலை செய்கிறது. பெட்ரோலும் மிச்சம்.

“மோட்டார் நின்னுட்டா?” என்றேன்.

“அப்பவும் திரும்பும் தம்பி. தோள்பட்டைதான் கழண்டுடும்.”

கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் இன்றைக்கும் அப்படித்தான்.

தொப்பூர் கணவாயில் எஞ்சினை அணைத்துவிட்டு காரை உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. மோட்டாரின் உதவி போய் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பல வண்டிகளில் சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

தயவுசெய்து எஞ்சினை ஓடவிட்டு, சின்ன கியரிலேயே இறங்குங்கள்.