சாரடோகாவின் அக்காவும் தங்கையும்

2012 மார்ச்சில் நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கினோம். வீடு சான் ஹோசேயில். திருநெல்வேலியில் பதினொன்றாம் வகுப்புக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். இங்கே எச்-4 விசா. கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது.

முதல் சனிக்கிழமை, "காசு செலவில்லாம ஒரு இடம் இருக்கு, வா" என்று அவர் பக்கத்து ஊரான சாரடோகாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே மொண்டால்வோ என்று ஒரு பழைய மாளிகை. பின்னால் மலைச்சரிவு, ரெட்வுட் மரங்கள், நடைபாதை, ஒரு திறந்தவெளி அரங்கு. அந்த அரங்குக்கு லிலியன் ஃபொன்டெய்ன் என்று பெயர். யார் இந்த அம்மா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சம்பளம் இல்லாததால் விசா தடுக்கவில்லை. என்னோடு அடுக்கிய எண்பது வயது மூதாட்டி ஒருவர்தான் சொன்னார். லிலியன் இரண்டு நடிகைகளின் தாய். மூத்தவள் ஒலிவியா டி ஹாவிலண்ட், இளையவள் ஜோன் ஃபொன்டெய்ன். பதினைந்து மாத வித்தியாசத்தில், 1916லும் 1917லும், டோக்கியோவில் பிறந்தவர்கள். பெற்றோர் ஆங்கிலேயர்கள். 1919இல் தாய் இருவரையும் கப்பலேற்றிக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார், சாரடோகாவில் வளர்ந்தார்கள். மறுமணம் செய்த தாயின் புதுக் குடும்பப் பெயரைத் தங்கை திரைக்கு எடுத்துக்கொண்டாள். "அப்புறம் ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசிக்கவே இல்லை" என்று அவர் முடித்தார். ஹாலிவுட் நடிகைகளின் பகையைப் பற்றி யார் பேசினாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

எனக்கும் ஊரில் ஒரு தங்கை இருக்கிறாள். அதனால்தான் அந்தக் கதை என்னை விடவில்லை.

முதலில் தங்கையின் படங்களைப் பார்த்தேன். 1940இல் வந்த 'ரெபெக்கா'வில் பெரிய மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வருகிற பெண் வேடம். அந்தக் கதாபாத்திரத்துக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. எந்த அறைக்குள் நுழையலாம், வேலைக்காரம்மாவிடம் எப்படிப் பேசலாம் என்று தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டே நடப்பாள் ஜோன். அந்த மாதங்களில் நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் "முதன்மை விண்ணப்பதாரரின் மனைவி" என்பதுதான் என் அடையாளம். அந்தத் தோள்களை என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவின் முறை பிறகு வந்தது. பழைய படங்களே போடும் சேனலில் ஒரு நள்ளிரவில் 'ஹோல்ட் பேக் த டான்' ஓடியது. 1941இல் வந்த படம். ருமேனியாக்காரன் ஒருவன் மெக்சிகோ எல்லையில் ஒரு சிற்றூரில் கிடக்கிறான். அவன் நாட்டுக்கான கோட்டா நிரம்பிவிட்டதால் அமெரிக்காவுக்குள் வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளே வருவதற்காக ஓர் அமெரிக்க ஆசிரியையை ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொள்கிறான். அந்த ஆசிரியைதான் ஒலிவியா. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான பில்லி வைல்டரே மெக்சிகோவின் மெக்ஸிகாலியில் விசாவுக்காகக் காத்துக் கிடந்தவர். ஆண்டு மொத்தத்தில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பால் எங்கள் வரிசையும் அப்போது நகராமல் நின்றது. என் கணவரையும் எழுப்பிப் பார்க்கச் சொன்னேன்.

இந்தப் படத்துக்காக அக்காவும், 'சஸ்பிஷன்' படத்துக்காகத் தங்கையும் ஒரே ஆண்டில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்தார்கள். 1942 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பில்ட்மோர் ஹோட்டலில் பரிசு தங்கைக்குப் போனது. 1947இல் அக்காவுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்த இரவில் வாழ்த்த வந்த தங்கையைப் பார்க்காமல் அவர் திரும்பிக்கொண்ட புகைப்படம்தான் இன்றுவரை சுற்றுகிறது.

பகைக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் உண்டு. 1942இன் அந்த இரண்டு வேடங்களும் இரவல் வேடங்கள். ஒலிவியா வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் இருந்தவர், அந்தப் படத்துக்குப் பாரமவுண்டுக்கு இரவலாகத் தரப்பட்டார். ஜோன் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் ஒப்பந்தத்தில் இருந்து ஆர்கேஓ ஸ்டுடியோவுக்கு இரவலாகப் போனார். மாட்டை உழவுக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி நடிகையை விடுவார்கள். பிடிக்காத வேடத்தை மறுத்தால் சம்பளமில்லா இடைநீக்கம், அந்த நாள்களும் ஒப்பந்தக் காலத்தோடு சேர்ந்து நீளும்.

இதை எதிர்த்து நடிகை பெட்டி டேவிஸ் 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் வார்னரோடு மோதித் தோற்றார். 1943இல் தன் ஏழு வருட ஒப்பந்தம் முடிந்தும், இடைநீக்க நாள்களுக்காக இன்னும் ஆறு மாதம் வேலை செய்யச் சொன்னார்கள் என்று ஒலிவியா வழக்குப் போட்டார். இவரைச் சேர்க்காதீர்கள் என்று மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் வார்னர் கடிதம் அனுப்பியது. கதவு எல்லாம் அடைத்திருந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் வென்றார். ஏழு வருடம் என்றால் நாள்காட்டியில் ஏழு வருடம்தான் என்றது தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் இன்றும் அதை டி ஹாவிலண்ட் சட்டம் என்றே சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்த நாள்களும் வாழ்க்கையின் நாள்கள்தான் என்று ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்டதாகவே அதை நான் படித்தேன். அவருடைய இரண்டு ஆஸ்கர்களையும்விட இந்தத் தீர்ப்புதான் எனக்குப் பெரிது.

பெட்டி டேவிஸுக்கும் இன்னொரு நடிகையான ஜோன் கிராஃபோர்டுக்கும் இடையிலான பகையையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். 1964இல் ஒரு படத்தின் நடுவில் கிராஃபோர்ட் உடல்நலமில்லாமல் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் டேவிஸின் தோழியான ஒலிவியா. இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டால் பார்க்கக் கூட்டம் வரும் என்று தெரிந்தவர்கள் அதைச் சீராட்டி வளர்த்தார்கள்.

இன்னொன்று, மொண்டால்வோ மாளிகையைக் கட்டியவர் ஜேம்ஸ் ஃபெலன். கலிஃபோர்னியாவை வெள்ளையாக வைத்திருப்போம் என்ற முழக்கத்தோடு 1920இல் செனட் தேர்தலில் நின்று தோற்றவர். டோக்கியோவில் பிறந்த ஒலிவியா 1941இல் குடியுரிமை பெற்றார். அதே டோக்கியோவிலிருந்து குடியேறிய ஜப்பானியர்களுக்கு 1952 வரை அந்த வழி இல்லை. நம்மவர்களுக்கு 1946இல்தான் திறந்தது. இதைப் படித்த பிறகும் அந்தப் புல்வெளிக்குப் போகிறேன். என் மகன் நடை பழகியதே அங்கேதான்.

2013 டிசம்பரில் ஜோன் கார்மலில் இறந்தார், வயது 96. செய்தியைச் சொன்ன மூதாட்டி, 1975இல் தாய் லிலியன் இறந்தபோது வந்த தகராறையும் சொன்னார். நினைவுக் கூட்டத்துக்குத் தனக்குச் சொல்லவே இல்லை என்றார் தங்கை. சொன்னேன் என்றார் அக்கா. அப்போது எனக்கு அது வெறும் செய்தியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடியில் அப்பா போய்விட்டார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். "லேசான காய்ச்சல்க்கா" என்றே தங்கை தினமும் சொன்னாள். உண்மை எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நான் அவளோடு பேசவில்லை.

2015 மே மாதம், கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டவர்களின் துணைவருக்கு வேலை அனுமதி என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களில் அட்டை கைக்கு வந்தது. அன்று ராத்திரி நானாக ஊருக்குப் போன் போட்டேன். அங்கே காலை. பின்னால் குக்கர் விசில்.

"அக்கா?"

"வேலை அட்டை வந்துட்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவளாகவே சொன்னாள். "நீ கிளம்பி வந்து, திரும்ப விசா முத்திரை விழலேன்னா பிள்ளை ஒரு பக்கம் நீ ஒரு பக்கம்னு ஆயிருமேன்னு அப்பா பயந்தாவ. சொல்லாதன்னு என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ. பதினெட்டு ராத்திரியும் நான்தான் கூட இருந்தேன்க்கா. தனியா."

அந்தப் பதினெட்டு ராத்திரியைப் பற்றி ஒரு தடவைகூட நான் அவளிடம் கேட்டதில்லை. முதல் ராத்திரியிலிருந்து சொல்லச் சொன்னேன். சொல்லி முடிக்க இங்கே விடிந்துவிட்டது.