கழுத்து பொருந்தவில்லை

"முகம் ஒரு ஆள், உடம்பு இன்னொரு ஆள் மாதிரிக் கிடக்கு. கழுத்தைப் பாரும் பிள்ளை." நான் சொன்னது இவ்வளவுதான். எல்லாருடைய வேலையையும் புரொஜெக்டரில் போட்டுப் பார்ப்பது எங்கள் டிசைன் வகுப்பில் வழக்கம், பின்வாங்கில் யாராவது சிரிப்பதும் வழக்கம், அன்றைக்கும் சிரித்தார்கள். "ஓம் சேர், ரெண்டு பேர்தான்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "முகம் எங்கட அம்மம்மா."

கல்வெட்டு அட்டை செய்து வாருங்கள் என்று சொன்னது நான்தான். கல்வெட்டு என்றால் இங்கே இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சின்னப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் டிசைன் படித்து வெளியே போகிற பிள்ளைக்கு முதலில் கையில் வருவது அதுவாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் சாமத்திய வீட்டு அல்பம். உள்ளே தேவாரம், திதி வெண்பா, வம்சாவளி எல்லாம் எப்படியும் போகும், அட்டையில்தான் டிசைனருக்கு வேலை. கற்பனைப் பெயர் போடலாம், இணையத்தில் படம் எடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். அவள் சொந்த வீட்டுக் கல்வெட்டையே கொண்டுவந்திருக்கிறாள், ஆனால் அதைச் சொல்லவில்லை. சில நாள் வகுப்புக்கு வராததைக் கவனித்தேன், காய்ச்சல் என்று நினைத்தேன். முதலே சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "நல்லா இருக்கு" என்று அடுத்த ஆளுக்குப் போயிருப்பேன். அதுவும் சரியில்லைத்தானே.

ஏனென்றால் கழுத்து உண்மையிலேயே பொருந்தவில்லை. முகம் பழைய லமினேற் செய்த ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த கறுப்பு வெள்ளைப் படம். 1995 யுத்த இடப்பெயர்வில் வீட்டு அல்பம் போய்விட்டது, அதற்குப் பிறகு அம்மம்மா படத்துக்கு நிற்கவே மாட்டாவாம். அந்தச் சின்னப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் பண்ணினாலும் இல்லாத விபரம் வராது, லமினேசனின் பளபளப்பும் காகிதத்தின் புள்ளிகளும்தான் பெரிதாகும். பளபளப்பை போட்டோசொப்பின் குளோன் ஸ்ராம்பால் பொறுமையாக அழித்து, முகத்துக்கு நிறம் பூசி, ஸ்ரூடியோக்காரரிடையே கைமாறித் திரியும் பட்டுச்சீலை கட்டிய ஒரு உடம்புப் பிஎஸ்டி ஃபைலின் மேல் வைத்திருந்தாள். முகத்தில் நேராக அடித்த வெளிச்சம், சீலையில் இடப்பக்கத்து வெளிச்சம். நாடிக்குக் கீழே நிழலே இல்லை. முகம் செம்மஞ்சள், கழுத்து ரோஸ். இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க எனக்குச் சம்பளம் தருவதில்லை.

அவள் சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். "உடம்பை எடுத்துவிடும். ஐசிப் படத்தையே கறுப்பு வெள்ளையில சின்னனாய் வைச்சு, சுத்திவர வெறுமையா விடும். விளக்கு, தாமரை ஒண்டும் வேண்டாம்" என்றேன். டிசைனாக இன்றைக்கும் அதுதான் என் கருத்து.

"அம்மாவுக்கு அது வேண்டாம் சேர். ஐசிப் படத்தில அவ பயந்துபோய் இருக்கிறா. பட்டுச்சீலையோட ஒரு படம்கூட இல்லையெண்டுதான் அம்மா அழுதவ."

இதற்கு எந்தக் கொம்போசிசன் விதியைச் சொல்வது? "சரி, அப்ப கழுத்தைச் சரிப்பண்ணுவம்" என்று பக்கத்தில் இருந்து, கேர்வ்ஸில் இரண்டு தோல் நிறத்தையும் கிட்டக் கொண்டுவந்து, நாடிக்குக் கீழே மல்டிப்ளை லேயரில் நிழல் விழுத்தி, முகத்தில் இருந்த புள்ளிகளைச் சீலைக்கும் தூவக் காட்டிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன் பொய்யாக இருக்கிறது, எடு என்றவன், அதே பொய்யை ஆரும் கண்டுபிடிக்காமல் செய்வது எப்படி என்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுத்தேனா, அல்லது வாடிக்கையாளரின் தேவையை விளங்கிக்கொண்டேனா? பிந்தியது என்று சொல்லத்தான் விருப்பம். அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த யாராவது "இது ஆற்றை கழுத்து?" என்று தாய்க்கு முன்னால் கேட்பதைவிட, வகுப்பில் நான் கேட்டது நல்லது என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பின்வாங்குச் சிரிப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் அடங்குவதில்லை.

பிறகு அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். எங்கே ஒட்டியது என்று தெரிந்த எனக்கே ஒட்டு தெரியவில்லை. அம்மம்மா பயந்த மாதிரியும் இல்லை, சீலை செய்த வேலையா நிழல் செய்த வேலையா தெரியாது. புள்ளி போடும் தாளில், அட்டையில் எழுத்து அதிகம், ஓரத்தில் இன்னும் இடம் விட்டிருக்கலாம் என்று எழுதினேன். படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கூடப் படிப்பிக்கிற ஒருவர், இந்தக் கல்வெட்டு வேலையை விட்டுவிட்டு கேக் கடை மெனு ஏதும் கொடும் என்கிறார். நான் மாற்றவில்லை. புரொஜெக்டரில் போடும் முன் "இது ஆர்?" என்று மட்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். "கூகிளில எடுத்தது சேர்" என்கிறார்கள் எல்லாரும், சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு.