யோங்செங்கின் தணிக்கை

தணிக்கைத் துறையில் சம்பளம் வாங்குபவன் சீன வரலாறு படித்தால் கடைசியில் சிங் வம்சப் பேரரசர் யோங்செங்கிடம்தான் போய் நிற்பான். அப்பா காங்சி 61 ஆண்டுகள் ஆண்டார், மகன் சியென்லுங் 60 ஆண்டுகள். நடுவில் 1722 முதல் 1735 வரை, பதின்மூன்றே ஆண்டுகள் இவர். அரியணை ஏறும்போதே வயது 44.

1723-இல் ஹுய்காவ்ஃபு என்று ஒரு தணிக்கை அலுவலகத்தைத் திறந்து, தம்பி யின்சியாங்கைப் பொறுப்பில் வைத்தார். மத்திய கருவூலத்திலேயே 25 லட்சம் தேல் (அக்காலச் சீன எடை அளவு) வெள்ளி குறைந்தது. பற்றாக்குறையை அடைக்க மாகாணங்களுக்கு மூன்று ஆண்டு கெடு. கட்டாதவர் சொத்து பறிமுதல். அரச குடும்பம் என்றும் பார்க்கவில்லை. இதுவரை சரி, கண்டிப்பான எந்த அதிகாரியும் செய்யக்கூடியதுதான்.

நான் அவரிடம் மயங்கியது அடுத்த கட்டத்தில். பணம் ஏன் குறைகிறது என்று கேட்டார். ஒரு கவுண்டியை, அதாவது மாகாணத்துக்குள் ஒரு சிறு நிர்வாகப் பகுதியை, நடத்தும் அதிகாரிக்கு ஆண்டுச் சம்பளம் 45 தேல். எழுத்தர், ஆலோசகர், மேலதிகாரிக்கு அன்பளிப்பு எல்லாம் அவர் தலையில். அதனால் வரியாக வரும் சில்லறை வெள்ளியை உருக்கும்போது சேதாரம் ஆகிறது என்று சொல்லி மக்களிடம் கூடுதலாக வாங்கினார்கள். சேதாரம் உண்மை, அந்தப் பெயரில் வாங்கியதோ அதைவிடப் பல மடங்கு.

இந்தச் சேதாரக் கணக்கை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய அலுவலகத்தில் ரொக்கப் பதிவேடு பைசா பிசகாமல் இருந்தது. மேசை இழுப்பறையில் இன்னொரு நோட்டு. டோனர், ஆய்வுக்கு வந்தவருக்குச் சாப்பாடு, வண்டிக்கு டீசல், எல்லாம் தேதி போட்டு அழகான கையெழுத்தில். வரவுப் பக்கத்தில் மட்டும் பெயர்கள் இல்லை. "ஒதுக்கீடே இல்லாத செலவு சார், நான் எங்கே போவேன்?" என்றார் எழுத்தர். ஆட்சேபணை எழுதினேன், எழுதத்தான் வேண்டும். ஆனால் டோனருக்கு யார் பணம் தருவது என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

யோங்செங் அந்தக் கட்டத்தைப் போட்டார். ஷான்சி ஆளுநர் நுவோமின் தொடங்கியிருந்த முறையைப் பிடித்துக்கொண்டு, 1724-இல் சேதாரக் கட்டணம் முழுவதும் மாகாணக் கருவூலத்துக்கு வரவேண்டும் என்றார். அதிலிருந்து பழைய பற்றாக்குறையை அடைத்தது போக, அலுவலகச் செலவுக்கும், அதிகாரிகளுக்கு 'நேர்மை வளர்க்கும் வெள்ளி' என்ற படிக்கும் பணம் போனது. 45 தேல் வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கில் கிடைத்தது.

நல்ல மனிதர் என்று சான்றிதழ் தரமாட்டேன். போட்டியாக நின்ற சகோதரர்கள் இருவர் அவர் காவலில் 1726-இல் செத்தார்கள், இழிவான பெயர் சூட்டப்பட்டு. ஆனால் வேலையில் அசுரர். அதிகாரிகளின் ரகசிய அறிக்கைகளைத் தானே படித்து ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவார். "நான் இப்படிப்பட்ட ஆள்தான்" என்று ஹெனான் மாகாண அதிகாரி தியென் வென்சிங்குக்கு எழுதியது இன்றும் பிரபலம்.

அப்போதே ஷென் சின்ஸி என்ற அதிகாரி எதிர்த்தார்: இன்று சேதாரத்தை வரியாக்கினால், நாளை அதன் மேல் இன்னொரு சேதாரம் முளைக்கும் என்று. சரியான ஆட்சேபணை. சியென்லுங் காலத்தில் விலைவாசி ஏறியது, படி ஏறவில்லை, புதுப்புது வசூல்கள் வந்தன. இருந்தும் நான் யோங்செங் பக்கம்தான். இழுப்பறை நோட்டைப் பறிமுதல் செய்பவர்கள் நிறையப் பேர். அதிலிருந்த செலவுக்குப் பணம் ஒதுக்கியவர் அவர்.