மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா அது?

நர்சரியில் இன்று 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று எழுதி வைத்திருந்த தொட்டியில் இருந்தது சிங்கப்பூர் டெய்சி.

பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இரண்டும் மஞ்சள். இரண்டும் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, வருடக்கணக்கில் நிற்கும்.

இலையைப் பாருங்கள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு ஒடுங்கி நீண்ட இலை. காம்பு இருப்பதே தெரியாது. விளிம்பில் பல் இருந்தால் ஒன்றிரண்டு. தடவினால் சொரசொரக்கும்.

டெய்சி இலை தடித்துப் பளபளக்கும். பக்கத்துக்கு ஒரு மடல் பிதுங்கி, 3 மடலாகத் தெரியும். இளங்கொடியில் இது தெளியாது. முற்றிய இலை நாலைந்தைப் புரட்டிப் பார்க்கணும்.

கீரைக்கு வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே டெய்சியை வாங்கியிருந்தால், பிடுங்கி வாய்க்கால் ஓரம் வீசாதீர்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஆக்கிரமிப்புச் செடி அது. கணுவோடு ஒரு துண்டு போதும், வேர்பிடித்துவிடும்.